மிக்ஸர்: செய்வதா, வாங்குவதா?

மிக்ஸர் என்றதும் ஓமப்பொடியும் காராபூந்தியும் உங்கள் நினைவுக்கு வந்தால் தவறில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது, பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஒரே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டியைப் பற்றி. கச்சேரி, நாடகம், பட்டிமன்றம் என்று நம் சங்கங்களில் எது நடந்தாலும் இதன் தயவு வேண்டும். "செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட்டில் பாகங்கள் கிடைக்கின்றனவே, நாமே செய்தால் என்ன?" என்று தில்லி அன்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

சாதாரண டைனமிக் மைக்கிலிருந்து வருவது ஓரிரு மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் போதுமான அளவுக்கு அதைப் பல நூறு மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கினால் பாட்டோடு இரைச்சலும் பெருகும். என்.இ. 5532 போன்ற இரைச்சல் குறைந்த ஐ.சி. போட்டால் பாதிக் கவலை தீரும். பிறகு மைக்குக்கு ஒரு வால்யூம் கண்ட்ரோல், ஒரு ரெசிஸ்டர், எல்லாவற்றையும் கலக்க இன்னொரு ஐ.சி. சர்க்யூட் இவ்வளவுதான்.

சிரமம் பெட்டியில்தான் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரை மைக் பகுதிக்கு அருகில் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் "உம்ம்" என்று கூடவே சுருதி சேர்க்கும். அதைத் தள்ளி வைத்து, உலோகப் பெட்டியில் அடைத்து, எர்த்தை ஒழுங்காக இணைக்க வேண்டும். 230 வோல்ட் பகுதியை அனுபவசாலியிடமே விட்டுவிடுங்கள்.

வாராந்திர பஜனை, பாலர் தமிழ் வகுப்பு போன்றவற்றுக்கு நான்கு டைனமிக் மைக் போதும். அதற்குத் தாராளமாக நாமே செய்யலாம். கச்சேரி என்றால் கதை வேறு. பாட்டு, வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி, கடம் என்று ஐந்தாகிவிடும். தம்புராவைச் சேர்த்தால் ஆறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ், ட்ரெபிள் வேண்டும். கண்டென்ஸர் மைக் என்றால் 48 வோல்ட் தர வேண்டும். மேடையிலிருந்து நீளமாக வரும் ஒயர் இரைச்சலை வாங்காதபடி பேலன்ஸ்டு இணைப்பும் தேவை. இத்தனைக்கும் கனெக்டர், கண்ட்ரோல், பெட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அங்கே கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். உங்கள் ஊரிலேயே ரிப்பேர் வசதி உண்டா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் மிக்ஸர்களில் பாகங்கள் மிகப் பொடியானவை. எல்லா மெக்கானிக்காலும் கை வைக்க முடியாது.

இன்னொரு முக்கியமான விஷயம். நம்மில் பலர் மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுகிறவர்கள். செய்தவர் புவனேஸ்வரத்துக்கோ புனேவுக்கோ போய்விட்டால், அவர் செய்த பெட்டியை யார் திறந்து பார்ப்பது? ஆகவே சர்க்யூட் படத்தைப் பெட்டியின் உள்மூடியிலேயே ஒட்டிவையுங்கள். செய்யும்போதே சங்கத்துப் பிள்ளைகள் இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள்.

மாதம் ஒருமுறை தமிழ் கேட்பதற்காகவே இரண்டு பஸ் மாறி வரும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. செய்ததோ வாங்கியதோ, கடைசி வரிசையில் இருக்கும் அவர்களுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். செயற்குழுவினர் இதை மனத்தில் வைத்து முடிவெடுத்தால் போதும்.