விற்பனையாளரின் நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். முதலாவது நாணயம் தொடர்ந்து பெட்டிக்கு வரவேண்டுமானால் இரண்டாவது நாணயம் கைவசம் இருக்கவேண்டும் என்பது கடைத்தெருவில் பலரும் பட்டறிந்த பாடம். நம் சங்கங்களின் விற்பனை நிலையங்களில் புதிதாகச் சேரும் இளைஞர்களையும், அவர்களை நியமிக்கும் நிர்வாகக் குழுவினரையும் உத்தேசித்தே இக்கட்டுரையை எழுதலானேன்.

நெய்வது ஒரு தொழில். விற்பது மற்றொரு தொழில். ஆயினும் இரண்டும் ஒரே பாவில் ஓடும் இழைகளாகும். விற்காத சேலை அலமாரியில் இருக்கும்வரை சங்கத்தின் பணமும் அதனோடு முடங்கிக் கிடக்கிறது. அப்பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த பாவுக்கு நூல் வாங்கலாம். நெசவாளருக்குக் கூலி கொடுக்கலாம். ஆகவே, விற்பனை மேசையின் பின்னே நிற்பவர் வெறும் சம்பளக்காரர் அல்லர். பல குடும்பங்களின் அடுப்பு அவர் பேசும் பேச்சை நம்பி எரிகிறது. இதனாலேயே, எப்படியாவது விற்றுவிட வேண்டும் என்ற ஆவல் அவருக்கு எழுவது இயல்பு. அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கத்திலேயே இக்கேள்வி எழுந்தது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டில் 28 பேர் கூடி, 28 பவுன் மூலதனம் சேர்த்து, டிசம்பர் 21-ஆம் தேதி டோட் லேன் என்ற தெருவில் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர்களும் இருந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சில பொருள்களே அங்கே இருந்தன. உணவுப் பொருள்களில் கலப்படம் செய்வதும், எடையைக் குறைப்பதும் மலிந்திருந்த காலம் அது. ரொட்டிக்கு வெண்மை வரப் படிகாரம் சேர்ப்பவர்களும் உண்டு. இவர்களோ கலப்பில்லாத சரக்கையே விற்பது, எடை குறையாமல் நிறுப்பது, ரொக்கத்துக்கே கொடுப்பது, மிஞ்சிய லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். மறு ஆண்டில் அங்கத்தினர் தொகை 74 ஆயிற்று. அந்த வித்தின் கிளைகள் நம் நாட்டிலும் படர்ந்தன. சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும், 1935-இல் இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் கைத்தறி நெசவாளர் தலைமைச் சங்கமும் தோன்றின. நேர்மையே நம் இயக்கத்தின் முதல் சரக்கு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். அதில் பிழை என்னுடையது.

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு நெசவாளர் சங்கத்தின் விற்பனை நிலையத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். மூலையில் அமர்ந்து இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது, அம்மையார் ஒருவர் சந்தன நிற உடலும் சிவப்புக் கரையும் கொண்ட பருத்திச் சேலை ஒன்றை விரும்பி எடுத்தார். விற்பனையாளரான இளைஞர் விலையைச் சொன்ன கையோடு, “அம்மா, இந்தச் சிவப்பு முதல் அலசலில் சாயம் விடுகிறது, உடலிலும் ஏறிவிடலாம். வேறு கரையில் பாருங்களேன்” என்றார். அம்மையாருக்கு வேறு எதுவும் பிடிக்கவில்லை. வெறுங்கையோடு சென்றுவிட்டார்.

அவ்வாண்டு அந்நிலையத்தின் விற்பனை முந்திய ஆண்டைவிடக் குறைந்திருந்தது. நான் கண்ட காட்சியையும் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, ‘விற்பனையாளருக்கு விற்கும் ஆர்வம் போதாது, எச்சரிக்கை செய்யப்பட வேண்டும்’ என்று அறிக்கையில் எழுதினேன். சங்கத் தலைவர் அவரை அழைத்துக் கண்டித்தார். அவ்விளைஞர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. சாயம் விட்ட சேலைகளை ஒரு துண்டுச் சீட்டுடன் தனியே அடுக்கி வைத்து, “இவை எந்தத் தேதியில் வந்தவை என்று மட்டும் பாருங்கள்” என்றார். அனைத்தும் ஒரே சாயப்பட்டறையிலிருந்து ஒரே முறை வந்த நூலில் நெய்தவை. விசாரித்ததில், சாயம் ஏற்றியபின் நூலைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அலசும் வேலையைப் பட்டறையில் அவசரமாக முடித்திருந்தது தெரியவந்தது. நூலில் பற்றாமல் மேலே தங்கிய சாயமே வெளியேறிக் கொண்டிருந்தது. பிறகு அக்குறை திருத்தப்பட்டது. கடையில் ஒருவர் உண்மை பேசியதால் பட்டறையில் நேர்ந்த தவறு வெளிப்பட்டது. அவர் மறைத்து விற்றிருந்தால், ஊரார் சேலைகளைத் துவைக்கும் கல்லில் வெளிப்பட்டிருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அங்கே சென்றேன். தீபாவளி, பொங்கல் தள்ளுபடிக் காலங்களில் விற்பனை பெருகுவதில் வியப்பில்லை. நான் வியந்தது, தள்ளுபடி இல்லாத ஆனி, புரட்டாசி மாதங்களின் பக்கங்களைக் கண்டுதான். அங்கும் வரவு சீராக ஏறியிருந்தது. அன்று வெறுங்கையோடு சென்ற அம்மையார் திரும்பி வந்தாரோ இல்லையோ, நான் அறியேன். ஆனால் அக்கடையில் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள் என்ற பேச்சு ஊரில் பரவியிருந்தது.

அந்த இளைஞரின் முறைகள் மிகவும் எளியவை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். யார் எந்த நிறத்தை விரும்புவர், யார் வீட்டில் எந்த மாதம் கல்யாணம், யார் கேட்ட சரக்கு கையிருப்பில் இல்லை என்பன அதில் இருந்தன. கேட்ட சரக்கு வந்தால் மட்டும் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார். மற்றபடி எவரையும் தொந்தரவு செய்யமாட்டார். உறவு வேறு, நச்சரிப்பு வேறு என்பது அவருக்குத் தெரியும்.

சரக்கைப் பற்றிய அறிவும் அவரிடம் இருந்தது. 60-ஆம் நம்பர் நூலுக்கும் 100-ஆம் நம்பர் நூலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே நம்பர் என்றும், நம்பர் ஏற ஏற இழை மெல்லியதாகும் என்றும் விளக்குவார். பட்டுச் சேலையானால், வெள்ளி இழைக்குப் பொன்முலாம் பூசிய ஜரிகை எது, செம்பு இழை ஜரிகை எது, பிளாஸ்டிக் ஜரிகை எது என்று பிரித்துக் காட்டி, விலை வேறுபாட்டின் காரணத்தையும் சொல்வார். 2004-இல் வந்த பட்டு முத்திரையும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் வாங்குவோருக்கு உறுதி அளிக்கின்றன. எனினும் அம்முத்திரையை எடுத்துக் காட்டும் கை நம்பத்தக்கதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

மனத்தளர்ச்சியை அவரிடம் நான் கண்டதில்லை. ஒரு குடும்பத்தார் ஒரு மணி நேரம் அமர்ந்து, அலமாரி முழுவதையும் பிரிக்கச் செய்து, ஒன்றும் வாங்காமல் எழுந்து சென்றார்கள். நான் பொறுக்காமல் ஏதோ சொன்னேன். அவர் சேலைகளை மடித்துக்கொண்டே, “ஒரே மடிப்பில் கிடந்தால் இற்றுப்போகும், சார். இன்று எல்லாவற்றுக்கும் மடிப்பு மாற்றியாயிற்று” என்றார். “குறையைச் சொல்லி விற்பனையை இழக்கிறீரே, வருத்தமில்லையா?” என்றும் கேட்டேன். “இது சின்ன ஊர், சார். பொய் சொல்லி விற்ற சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தால், நான் எந்தப் பக்கம் பார்த்து நடப்பேன்?” என்றார். பட்டப்படிப்பில் நான் கற்ற வணிகவியல் நூல்களில் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தைப் படித்ததில்லை.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் ஏலத்தில், வியாபாரிகள் மாதிரியைக் கையில் எடுத்து, விரலியை ஒடித்து, உள்நிறத்தையும் காய்ச்சலையும் பார்த்து விலை குறிக்கிறார்கள். மாதிரி ஒரு தரமும், மூட்டையின் அடி வேறு தரமுமாக இருந்தால், அந்த ஒரு மூட்டையோடு நஷ்டம் நிற்பதில்லை. அடுத்த வாரம் அச்சங்கத்தின் சரக்கு முழுவதற்கும் வியாபாரி விலையைக் குறைத்தே குறிப்பான். ஒருவர் செய்த கலப்பின் வட்டியை எல்லோரும் கட்ட நேரிடும். விரலியையும் கிழங்கையும் பிரித்து, நன்கு உலர்த்தி, உள்ளபடி காட்டுபவர் தமக்கு மட்டுமன்றி அயலாருக்கும் விலை தேடித் தருகிறார்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். விற்பனையாளர் நேர்மையாக இருக்கவேண்டுமானால், அவர் நேர்மையாக விற்கத்தக்க சரக்கை நாம் தரவேண்டும். அளவு குறைந்த சேலையையும் சாயம் விடும் நூலையும் அவர் தலையில் கட்டிவிட்டு, மாத முடிவில் குறியீட்டை மட்டும் கேட்பது, பொய் பேசும்படி அவருக்கு உத்தரவிடுவதே ஆகும். அவர் கொண்டுவரும் புகாரைக் கடையின் குறையாகக் கருதாமல், வாங்குவோர் நமக்கு இலவசமாக அனுப்பிய ஆய்வறிக்கையாகக் கருதுங்கள். ஆய்வாளர்களாகிய நாங்களும் ஓராண்டுக் கணக்கை வைத்து மனிதரை எடைபோடலாகாது. இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அவ்விளைஞர் இன்று அந்நிலையத்தின் மேலாளர். இரண்டாம் முறை சென்றபோது நான் எழுதிய அறிக்கையில் அவரைப் பாராட்டி நான்கு வரிகள் எழுதினேன். ஆனால் கோப்பின் முன்பக்கத்தில், ‘விற்கும் ஆர்வம் போதாது’ என்ற என் பழைய குறிப்பு இன்னும் இருக்கிறது. அதை நீக்க விதி இடந்தரவில்லை. அச்சங்கத்துக்குச் செல்லும்போதெல்லாம் அப்பக்கத்தைத் திறந்து ஒருமுறை படித்துவிட்டே கணக்கைத் தொடங்குகிறேன்.