தொப்புள்கொடி இரத்தம் கூறிய செய்தி

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு அருகே, ஹாம்ப்ஷயர் சாலையில் அந்நாளில் இயங்கிவந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன என்பதும், அது உலக சாதனையாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது என்பதும் இங்குள்ள முதியோர் பெருமையுடன் கூறும் விஷயங்கள். அதே காலத்தில் சிசுக்களுக்குச் செய்யப்படலான ஒரு சிறு இரத்தச் சோதனையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என் மனத்துக்கு அதுவே பெரிய சாதனை.

நல்ல ஆரோக்கியத்துடன் பிறந்த சிசுக்கள் சில, ஓரிரு நாட்களில் மஞ்சட்காமாலை முற்றி, அந்த மஞ்சள் நிறப்பொருள் மூளையில் படிந்து, உயிர் பிழைத்தாலும் செவிப்புலனும் கைகால் இயக்கமும் குன்றியவையாய் வளர்ந்த காலம் அது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான ஆர்.எச். இரத்தவகைப் பேதமே இதற்குப் பிரதான காரணம் என்று மேனாட்டுப் பாடநூல்கள் கூறின, ஆர்.எச். நெகட்டிவ் இரத்தமோ சீனரிடத்தும் மலாய்க்காரரிடத்தும் மிக அபூர்வம். குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹொக் பூன், பாடநூலை ஒருபுறம் வைத்துவிட்டு எதிரே கிடந்த குழந்தைகளைப் பார்த்தார். ஜி6பிடி என்னும் நொதியின் பரம்பரைக் குறைபாட்டைக் கண்டார். இக்குறையுள்ள சிசுவின் சிவப்பணுக்கள் சில மூலிகைகளாலும், அலமாரியில் துணிகளுக்கிடையே போட்டுவைக்கும் அந்துருண்டையின் நெடியாலும்கூட உடைந்துவிடும். மூத்த பிள்ளையின் சட்டையைப் பத்திரமாக எடுத்துவைத்து இளையதற்கு அணிவித்த தாயின் அன்பே அக்குழந்தைக்கு ஆபத்தாகக்கூடும் என்பதை அதுவரை யார் அறிந்திருந்தார்கள்! 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தம் சோதிக்கப்பட்டது; குறையுள்ளவை மருத்துவமனையிலேயே சில நாள் வைத்துக் கவனிக்கப்பட்டன; அக்கொடிய வியாதி அநேகமாக மறைந்தது.

பிறருடைய குழந்தைகளைப் பார்த்து எழுதிய நூலை வைத்து நம் குழந்தைகளை அறிய முயலும் அந்தச் சங்கடம் இன்று வேறு ரூபத்தில் வந்திருக்கிறது. பேச்சு வராமலும் நடை தாமதித்தும் வளரும் குழந்தையின் இரத்தத்தையும் பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் எடுத்து, சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதியைப் படித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு மனிதரிடமும் நாற்பது, ஐம்பது லட்சம் வேறுபாடுகள் இருக்க, அவற்றுள் குற்றவாளி எது? மற்றவர்களிடம் காணப்படாததையே வைத்தியர் முதலில் சந்தேகிக்கிறார். அந்த மற்றவர்கள் யார் என்பதில்தான் சிக்கல். வியாதிகளோடு மரபணு வேறுபாடுகளைப் பொருத்திப் பார்த்த பேராய்வுகளில் பங்கேற்றோரில் 81 சதவீதத்தினர் ஐரோப்பிய வம்சத்தினர் என்று 2016-இல் கணக்கிடப்பட்டது. தமிழரிடையே சர்வசாதாரணமான, தீங்கற்ற ஒரு வேறுபாடு, வைத்தியர் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏட்டில் இல்லாமையால் குற்றம் சுமக்கலாம். அறிக்கையோ, 'பொருள் தெளியாத மாற்றம்' என்று முடிந்துவிடலாம்.

சிங்கப்பூரில் 4,810 பேரின் மரபுத்தொகுதியைப் படித்து 2019-இல் வெளியான எஸ்ஜி10கே ஆய்வில் 1,127 பேர் இந்தியர். அதில் கண்ட ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட வேறுபாடுகளுள் பாதிக்கு மேல் முன்னெங்கும் பதிவாகாதவை. பின்னர் ஒரு லட்சம் பேரை நோக்கி அப்பணி விரிந்தது.

நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். ஹைதராபாத் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-இல் ஆராய்ந்த 263 தெற்காசியச் சமூகங்களுள் 81-இல், தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டதன் விளைவு பின்லாந்து மக்களிடம் காண்பதைவிட அழுத்தமாகத் தெரிந்தது. இருபக்கத்திலிருந்தும் ஒரே குறை வந்து சேரும் வியாதிகளுக்கு அங்கே வாய்ப்பு அதிகம். இதைக் கேட்டு அத்தை மகனை மணந்த பெண்ணின் மேல் பழி சுமத்துவது மகா அநியாயம். வளர்ச்சிக் குறைபாடுகள் பல, பெற்றோர் எவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றத்தால் வருபவை. மூவர் இரத்தத்தையும் ஒப்பிடும் சோதனை, 'உன்னால்தான்' என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டு நொந்த தாய்க்கு அவ்வுண்மையை எழுத்தில் கொடுக்கிறது.

காரணம் தெரிந்தால் மருந்து கிடைத்துவிடும் என்பதில்லை, பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆயினும் அடுத்த குழந்தையைப் பற்றித் தீர்மானிக்க அது உதவும். பொருள் தெளியாதென்று வந்த அறிக்கையையும் குப்பையில் எறிந்துவிடலாகாது; நம்மவர் விவரங்கள் ஏட்டில் ஏற ஏற அதே மாற்றத்துக்குப் பொருள் தெளியக்கூடுமாதலால், சில ஆண்டுகள் கழித்து அதை மறுபடியும் பார்க்கும்படி வைத்தியரிடம் பெற்றோரே வற்புறுத்திக் கேட்கலாம்.