ஈந்த உறுப்பைக் காத்தல்

உறுப்பு தானம் மார்க்கத்தில் ஆகுமா என்னும் வினா நம் அவைகளில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. 1988ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவர் அல்லது அவர்தம் வாரிசுகளின் சம்மதம், விற்பனை கூடாமை முதலிய நிபந்தனைகளுடன் அதனை அனுமதித்தது. மாறுபட்ட கருத்துடைய உலமாப் பெருமக்களும் உளர். அவ்விவாதத்துள் நாம் ஈண்டுப் புகவில்லை. கொடுக்கப்பட்டுவிட்ட உறுப்பு, பெறுபவரின் உடலைச் சென்றடையும் வரை அதற்கு நேரும் தீங்கு யாது, அதனைத் தடுப்பது எவ்வாறு என்பதையே காண முற்படுகின்றோம்.

1954 டிசம்பர் 23ஆம் நாள் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே குழுவினர், இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே மருத்துவமனையில் இருந்தமையால் உறுப்பு காத்திருந்த நேரம் மிகக் குறைவு. இன்றோ இறந்தவரின் உறுப்புகள் ஊர் விட்டு ஊர் செல்கின்றன. அப்பயணத்தில்தான் ஆபத்து இருக்கின்றது.

குருதியோட்டம் நின்றதும் உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அவற்றின் ஆற்றல் இருப்பு கரைகின்றது. சோடியத்தை வெளியேற்றும் இயக்கம் தளர்கின்றது. நீர் உட்புகுந்து உயிரணுக்கள் வீங்குகின்றன. இது முதற்கேடு. இரண்டாவது கேடு வியப்புக்குரியது. பெறுபவரின் உடலில் உறுப்பைப் பொருத்திக் குருதியைத் திறந்துவிடும் அக்கணத்திலேயே அது நேர்கின்றது. தேங்கிக் கிடந்த கழிவுப் பொருள்கள் திடீரென வரும் ஆக்சிஜனுடன் வினைபுரிய, உயிரணுக்களின் சவ்வுகளை அரிக்கும் தீவிர மூலக்கூறுகள் தோன்றுகின்றன. வெள்ளணுக்கள் திரண்டு நுண்குழாய்களை அடைக்கின்றன. உயிர் தர வந்த குருதியே காயமும் விளைவிக்கின்றது.

இதற்கு முதல் மருந்து குளிர்ச்சி. உறுப்பை ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் அதன் ஆற்றல் தேவை பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைகின்றது. ஆயினும் வெறும் பனிக்கட்டி போதாது; உறுப்பின் குழாய்களுக்குள் தக்க கரைசல் செலுத்தப்பட வேண்டும். 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்டும் ஒரு கரைசலை உருவாக்கினர். உயிரணுவுக்குள் எளிதில் நுழையாத பெரிய மூலக்கூறுகள் அதில் உள்ளன; அவை வீக்கத்தைத் தடுக்கின்றன. மூட்டுவாத நோய்க்கு வழங்கப்படும் அலோபியூரினாலும், குளூட்டாதயோனும் இரண்டாவது கேட்டைத் தணிக்கச் சேர்க்கப்பட்டன.

இவ்வளவு செய்தும் காலத்திற்கு எல்லை உண்டு. குளிரில் வைக்கப்பட்ட இதயம் 4 முதல் 6 மணி நேரமும், கல்லீரல் ஏறத்தாழ 12 மணி நேரமும், சிறுநீரகம் ஒரு நாளளவும் அதற்குச் சற்று மேலும் தாங்கும். நேரம் நீள நீளச் சேதம் பெருகும். அத்தகைய சிறுநீரகம் உடனே இயங்காமையால், பெற்றவர் சில காலம் டயாலிசிஸைத் தொடர நேரிடும்.

ஆகவே உறுப்பைச் செயலற்றுக் கிடத்தாமல், கருவியின் துணையால் அதனுள் திரவத்தை ஓட்டிக்கொண்டேயிருக்கும் முறை வந்தது. குளிர்ந்த கரைசலை இவ்வாறு ஓட்டுவது சிறுநீரகத்தின் தாமத இயக்கத்தைக் குறைப்பதாக 2009இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் மேலும் சென்று, உடல் வெப்பத்திலேயே ஆக்சிஜன் ஏற்றிய குருதியைக் கல்லீரலுள் ஓடவிட்டனர். 220 கல்லீரல் மாற்றுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், பனியில் வைத்தவற்றைக் காட்டிலும் உறுப்புச் சேதமும், பயன்படுத்தாது ஒதுக்கப்பட்டவற்றின் அளவும் பாதியாகக் குறைந்திருந்தன. கருவியில் இருக்கும்போதே கல்லீரல் பித்தம் சுரக்கின்றதா எனப் பார்த்து, அதன் தகுதியையும் மதிப்பிடலாம். எனினும் இதற்குச் செலவும் பயிற்சி பெற்ற ஆள்களும் மிகுதியாக வேண்டும்.

ஒதுக்கப்படும் உறுப்பு என்பது வெறும் எண்ணிக்கையன்று. மையித்தின் அருகே அழுதவாறு ஒரு குடும்பம் அளித்த சம்மதம் அதில் அடங்கியுள்ளது. மறுமுனையில் ஒரு நோயாளி காத்திருக்கின்றார். அமானத்தை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை நம்மைப் பணிக்கின்றது. வழியில் கெட்டுப்போக விட்டபின் ஒப்படைப்பது ஒப்படைப்பாகாது. அனுமதி பற்றிய வினா கையொப்பத்தோடு முடிந்துவிடலாம். அமானத்தின் பொறுப்போ அங்கிருந்துதான் தொடங்குகின்றது. அப்பொறுப்பைச் சுமப்பவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். கரைசலைக் கலப்போரும், பெட்டியைச் சுமப்போரும், வழிவிட்டு ஒதுங்கும் வாகன ஓட்டியும் அதில் பங்குடையோரே என நாம் கருதுகின்றோம்.