கொடும்பாளூரும் வானதியும்: வரலாற்றுப் புதினச் சுவைஞரின் ஈடுபாடு பற்றிய ஓர் ஆராய்ச்சி

புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைக்கு அணித்தாக, திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் நெடுவழியை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் கொடும்பாளூர். அங்குள்ள மூவர் கோயிலில் இன்று நிற்பன இரண்டு விமானங்களே; மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. இக்கோயிலைக் காண வருவோரை ஓரளவு உற்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். அவருட் பலர் சிற்பக் கலையின் பொருட்டோ, வேளிர் வரலாற்றின் பொருட்டோ வருபவரல்லர். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்து, அதன் சுவையில் தோய்ந்து, வானதி பிறந்த ஊர் இது என்னும் பற்றினால் வருகின்றனர். வானதி வாழ்ந்த அரண்மனை எங்கே உள்ளது என வினவுவாரை யாமே கண்டிருக்கின்றோம்.

இவ்வினாவைக் கேட்டு நகைத்து ஒதுக்குதல் எளிது. புலவருலகம் நெடுநாள் அவ்வாறே செய்தும் வந்துள்ளது. ஆயினும், இடைக்காலத் தமிழக வரலாற்றைத் தமிழ் மக்களுட் பெரும்பாலோர் அறிந்தது கல்வெட்டுத் தொகுதிகளால் அன்று, புதினங்களால்தான் என்பது மறுக்கவொண்ணாத செய்தி. ஆகவே இவ்வீடுபாட்டின் இயல்பு யாது, அது வரலாற்றறிவுக்குத் துணையாவது எங்கே, இடையூறாவது எங்கே என்பன ஆராயத் தக்கனவாம். கொடும்பாளூர் ஒன்றையே சான்றாகக் கொண்டு ஈண்டு அதனைக் காண்போம்.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' கிழமை இதழில் தொடர்ந்து வெளிவந்து, பின் ஐந்து பாகங்கள் கொண்ட நூலாயிற்று. நூல் நிறைவுற்ற அவ்வாண்டிலேயே, டிசம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் இறந்தார். 1999இல் அவர்தம் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர்ப் பதிப்புகள் பெருகின. மணிரத்தினம் இயக்கிய திரைப்படத்தின் இரு பகுதிகள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்பிரலிலும் வெளிவந்தமையால், நூலைப் படியாதவரும் அருள்மொழிவர்மனையும் வந்தியத்தேவனையும் அறிந்தனர். ஒரு தொடர்கதை எழுபது ஆண்டுகட்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பெறுதல் தமிழில் அரிதினும் அரிது.

கல்கி வெறுங் கற்பனையால் கதை புனைந்தாரல்லர். நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறு 1935, 1937ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்திருந்தது. சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் 1949இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வரத் தொடங்கியது. இவற்றின் வழியே உடையார்குடிக் கல்வெட்டு முதலியன அவர்க்குக் கிடைத்தன. வந்தியத்தேவன் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் குந்தவையின் கணவன் என்னும் அளவில் தோன்றுபவன். அவ்வொரு குறிப்பே ஐந்து பாகங்கட்கும் தலைவனைத் தந்துவிட்டது. கல்வெட்டின் வறட்சியிலிருந்து இத்துணை வளத்தைப் பெருக்கிய ஆற்றலை யாம் வியவாதிருத்தல் இயலாது.

இனிக் கொடும்பாளூருக்கு வருவோம். புதினத்தில் பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரி ஈழப் படையின் தலைவர். அவர்தம் இளவல் சிறிய வேளார் ஈழத்தில் உயிர் துறந்தவர். அவருடைய மகளே வானதி. அச்சத்தால் அடிக்கடி மயங்கி வீழும் மென்மைப் பெண்ணாக அறிமுகமாகி, அரியணையில் அமரேன் எனச் சூளுரைக்கும் திண்மை பெற்றவளாக அவள் வளர்கிறாள். இவருள் விக்கிரமகேசரி வரலாற்றுக்குரியவர். மூவர் கோயிலைக் கட்டியவர் அவரே. பராந்தகன் சிறிய வேளார் சுந்தரசோழனது ஒன்பதாம் ஆட்சியாண்டில் ஈழப் போரிற் பட்டமையும் கல்வெட்டுச் செய்தியே. வானதி என்னும் பெயர்க்கோ கல்வெட்டுச் சான்றில்லை. முதலாம் இராசேந்திரனின் தாய் வானவன் மாதேவி எனவும் திரிபுவன மாதேவி எனவும் வழங்கப்பெற்றவள். அப்பெயரை ஒட்டியே வானதியின் பெயரும் பிறந்திருத்தல் கூடும். ஈழத்தில் இறந்த வேளிர் தலைவனுக்கு மகளொருத்தியைப் படைத்து, அவளை இராசேந்திரனின் தாயாக்கி, இரண்டு தனிச் செய்திகளை ஒரே உறவால் பிணைத்ததே கல்கியின் திறம். சுவைஞர் உள்ளத்தில் இப்பிணைப்பு வரலாறாகவே பதிந்துவிட்டது.

மூவர் கோயில் கல்வெட்டு சொல்வது யாது? அது கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு. தொடக்கப் பகுதி அழிந்துள்ளது. இருக்குவேளிர் மரபினை அது பல தலைமுறைக்கு வரிசைப்படுத்துகின்றது. அவருள் ஒருவன் வாதாபியை வென்றவன் எனப்படுகின்றான். விக்கிரமகேசரியின் தந்தை சமராபிராமன் அதிராசமங்கலப் போரில் சளுக்கியைக் கொன்றவன். அவன் மனைவி அனுபமா சோழர்குல மகள். விக்கிரமகேசரிக்குக் கற்றளி, வரகுணை என இரு தேவியர். தன் பெயராலும் தேவியர் பெயராலும் மூன்று விமானங்களை எழுப்பிய அம்மன்னன், காளாமுகப் பிரிவைச் சார்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் ஆசானுக்குப் பெரியதொரு மடத்தையும், ஐம்பது துறவியரை ஊட்டுதற்காகப் பதினோர் ஊர்களையும் வழங்கினான். ஈண்டு ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. ஐம்பது காளாமுகத் துறவியர் நாடோறும் உண்ட மடம் ஒன்று கொடும்பாளூரில் இருந்தது என்பது எந்தப் புதினத்தின் நிகழ்ச்சிக்கும் குறையாத வியப்புடையது. ஆயினும் அம்மடத்தை வினவி வருவார் இலர்.

ஈடுபாடு இடையூறாகும் இடம் இக்கல்வெட்டின் காலத்தைக் கணிக்கும்போது வெளிப்படுகின்றது. விக்கிரமகேசரி பல்லவன் படையொடு பொருது காவிரி நீரைக் குருதியாற் சிவப்பித்தான் எனவும், வீரபாண்டியனை வென்றான் எனவும், வஞ்சிவேளை அழித்தான் எனவும் கல்வெட்டுக் கூறும். வீரபாண்டியன் என்பான் இரண்டாம் ஆதித்தன் தலைகொண்ட பாண்டியனே எனக் கொண்டால், விக்கிரமகேசரி பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியினன், சுந்தரசோழன் காலத்தவன் ஆவான். நீலகண்ட சாத்திரியார் கொள்கை இதுவே. ஆனால் பல்லவப் பேரரசு ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முடிந்தது. பின்னைப் பல்லாண்டு கழித்துக் காவிரிக் கரையிற் பொருத பல்லவன் யாவன்? பல்லவன் என்பது பிற்காலத்துச் சிற்றரசன் ஒருவனைச் சுட்டும் என அமைதி கூறலாம். எனினும் அவ்வமைதி முழு நிறைவு தருவதாயில்லை. விமானங்களின் கட்டட அமைதியை நோக்கி, அவை முதலாம் ஆதித்தன் (871–907) காலத்தன எனக் கொண்டாரும் உளர். அங்ஙனமாயின் வீரபாண்டியன் யாவன் என்னும் வினா எழும். ஆக, இரு பக்கத்தும் ஒவ்வொரு முடிச்சு அவிழாமலே கிடக்கின்றது.

கல்கி தம் காலத்தில் வலிமையுற்றிருந்த கொள்கையை மேற்கொண்டார். புதின ஆசிரியர் அவ்வாறு செய்தல் முறையே. ஆயின் நேர்ந்தது யாதெனின், புதினத்தைப் படித்தார்க்கு இச்சிக்கல் சிக்கலாகவே தோன்றுவதில்லை. விக்கிரமகேசரி சுந்தரசோழனின் அவையில் நின்றதை அவர் கண்ணாற் கண்டவர்போல் உணர்கின்றனர். முதுகலை மாணவரும் சிலபோது கல்வெட்டைப் படிக்குமுன்னே முடிவைக் கையிற் கொண்டு வருகின்றனர். பல்லவன் என்ற சொல்லருகே அவர் நின்று தயங்குவதில்லை. புதினத்திற் பொய் உண்டு என்பது பெருங்குறையன்று. பொய்யைப் பிரித்தறிதல் எளிது. ஐயத்திற்குரிய மெய்யொன்றை ஐயமற்றதாக்கி விடுவதே நாம் விழிப்புடன் நோக்கத் தக்கது.

இனி, பழங்கதையை மீட்டுச் சொல்லுதல் நம் நூற்றாண்டின் புதுமை அன்று. கொடும்பாளூரே அதற்குச் சான்று பகரும். அறுபத்து மூவருள் ஒருவரான இடங்கழி நாயனார் கோனாட்டுக் கொடும்பாளூரில் ஆட்சி செய்தவர். அடியார்க்கு அமுதளிக்கப் பொருளின்றித் தவித்த தொண்டர் ஒருவர் அரண்மனை நெற்பண்டாரத்தில் களவு செய்து பிடிபட்டார். காரணம் அறிந்த மன்னர் அவரை விடுவித்ததோடு, சிவனடியார் யாவரும் தம் பண்டாரத்தைக் கொள்ளை கொள்க எனப் பறையறைவித்தார். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் பெயரளவிற் சுட்டப்பெறும் இவரை நம்பியாண்டார் நம்பி அந்தாதியில் சிறிது விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் முழு வரலாறாக்கினார். அங்ஙனம் ஆக்குங்கால், தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன்வேய்ந்த ஆதித்தனின் குலத்தொடு இவ்வேளிர் தலைவரைச் சேர்த்துரைத்தார். சோழன் அமைச்சராயிருந்த சேக்கிழார்க்கு அத்தொடர்பு இனியதாகவே இருந்திருக்கும். ஒரு பெயரை எடுத்து, அதற்கு உறவு கூட்டி, தம் காலத்து மக்கள் உள்ளத்திற்கு உகந்ததாகச் சொல்லும் முறை கல்கியிடத்தும் சேக்கிழாரிடத்தும் ஒன்றே. நோக்கம் வேறு என்பதை யாம் மறந்திலேம்: ஒருவர் நோக்கம் பத்தி, மற்றவர் நோக்கம் விடுதலை பெற்ற நாட்டின் பெருமித உணர்வு.

சுவைஞர் வெறுங் கேட்போராக நின்றுவிடுவதில்லை என்பதும் குறிக்கத் தக்கது. தொடர்கதை முடிந்தபோது, கதைமாந்தர் பின்னர் என்னாயினர் எனப் படிப்போர் வினவியமையால், கல்கி நூலிறுதியில் முடிவுரை எழுதி விடை கூறலாயினார். அவ்வினாக்களின் வேகம் அத்துடன் அடங்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்னும் புதினத்தைப் 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சியாகவே எழுதினார். புதுக்கோட்டைச் சீமையின் பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலன், இராசேந்திரன் காலத்தைக் களமாக்கி 'வேங்கையின் மைந்தன்' படைத்தார். அதற்கு 1963ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. அதன் தலைவன் இளங்கோ கொடும்பாளூர் இளவரசனே. பாண்டியர் ஈழத்தில் அடைக்கலமாக வைத்த மணிமுடியை இராசேந்திரன் கைக்கொண்ட செய்தி மெய்க்கீர்த்தியில் உள்ளது. அதனை மீட்கச் செல்லும் பெரும்பணியைக் கதை இவ்விளவரசன் தோளிற் சுமத்துகின்றது. கல்கி கொடும்பாளூருக்கு ஒரு மகளைத் தந்தார் எனின், அகிலன் ஒரு மகனைத் தந்தார். தம் மண்ணின் மீது எழுத்தாளர் கொண்ட பற்றும் இதிற் கலந்துள்ளது என யாம் கருதுகின்றோம், அஃது இயற்கையே.

மேனாட்டிலும் இந்நிலை உண்டு. பிரித்தானியரின் ஆர்தர் மன்னன் கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத் ஊர் சாப்ரி விரித்தெழுதினார். மாலரியின் நூல் 1485இல் அச்சேறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெனிசன் அதனைப் புதுப்பாட்டாக்கினார். ஆர்தரின் கேமலாட்டு நகர் எனப் பன்னெடுங்காலமாகச் சொல்லப்பட்ட காட்பரி என்னும் குன்றரணை 1966 முதல் 1970 வரை அகழ்ந்தனர். கேமலாட்டு கிடைக்கவில்லை. ஆனால் கதை குறிக்கும் அக்காலப் பகுதியில் அவ்வரண் மீண்டும் பெரிய அளவில் வலிமைப்படுத்தப்பட்டது என்பது தெரிய வந்தது. மக்களின் ஆர்வம் அவ்வகழ்வுக்குத் துணை நின்றது; அகழ்ந்தவர் ஆர்வத்திற்கு ஏற்ப முடிவை வளைக்காதவரை அதனால் அறிவுக்கு இழப்பில்லை.

எனவே, மூவர் கோயிலுக்கு வந்து வானதியைத் தேடுவோரைத் திருப்பி அனுப்புதல் வேண்டா என்பதே எம் துணிபு. புதினம் அவரை வாயில்வரை கொணர்ந்துவிட்டது. உள்ளே அழைத்துச் செல்லுதல் தமிழ்த்துறையினர் கடன். அப்பணியை நாம் செவ்வனே செய்யவில்லை. புதுக்கோட்டைச் சமத்தானக் கல்வெட்டுகள் 1929இலேயே தொகுத்து அச்சிடப்பட்டும், மூவர் கோயில் கல்வெட்டின் பொருளை எளிய தமிழ் உரைநடையில் கோயிலருகே நின்று படித்தறிய வாய்ப்பு வருவோர்க்கு அமைந்திலது. அமைந்தால், அவர் தேடிய ஒருத்தியை வேறு பெயரில் காண்பர்.

கொடும்பாளூர் மகள் சோழர் மனை புகுந்தாள் என்பதற்குக் கற்பனை வேண்டுவதில்லை. தென்னவன் இளங்கோவேள் என்னும் வேளிர் தலைவனின் மகள் பூதி ஆதித்த பிடாரி. முதற் பராந்தகனின் மகனும், அரிஞ்சயன் எனக் கருதப்படுபவனுமாகிய அரிகுலகேசரியை மணந்தவள் இவள். காவிரித் தென்கரையில், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, திருச்செந்துறையில் சந்திரசேகரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவளும் இவளே. எந்தப் புதின ஆசிரியரும் இவளைத் தலைவியாக்கியதாக யாம் அறியேம். அவள் பெயர் பொறித்த கல்வெட்டு அக்கோயிற் சுவரில் உள்ளது; கொடும்பாளூரைக் கண்டு திருச்சிராப்பள்ளிக்கு மீளும் சுவைஞர், காவிரிக் கரையோடு சற்று மேற்கே சென்று அதனையும் கண்டு வரலாம்.