ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் ஷாக் அப்சார்பர்: தேய்வை அறிதலும் மாற்றுதலும்

ஷாக் அப்சார்பர் என்பது வாகனத்தின் ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்கும் கருவி. பாடநூல்களில் இது அதிர்வு ஏற்பி எனப்படும். பெயரைக் கேட்டால் பள்ளத்தின் அடியை இதுவே தாங்குவதாகத் தோன்றும். உண்மையில் அடியைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் தான் சேமித்த ஆற்றலைத் திருப்பித் தந்து மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் ஒரு பிஸ்டன் நகரும்போது சிறு துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிப் பாய்கிறது. இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. கரடுமுரடான சாலையில் ஓட்டி நிறுத்தியவுடன் உருளையைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும்.

தமிழ்நாட்டில் இன்றும் ஆர்வலர்கள் பாதுகாத்துவரும் பழைய கார்களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த உடல், 948 சி.சி. எஞ்சின். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. 1962-இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரும் இதே குடும்பம்தான். சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. சோழவரம் விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின.

பின்சக்கரத்தின் தனிக்குணம்

முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். அதன் நடுவே ஷாக் அப்சார்பர். பின்பக்கம் குறுக்காக ஒரே கமான் பட்டை, டிஃபரன்ஷியலின் மேல் இறுக்கப்பட்டிருக்கும். அச்சுகள் இரண்டும் டிஃபரன்ஷியல் பக்கத்தில் மட்டும் மடங்கி, பறவையின் இறக்கை போல ஏறி இறங்கும். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். வண்டியின் பின்புறம் மேலே எழும்பினால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கும். டயர் தரையைப் பிடிக்கும் பிடி குறையும்.

இந்தக் காரில் தேய்ந்த ஷாக் அப்சார்பர் வெறும் சொகுசுக் குறைவு அன்று என்பதற்குக் காரணம் இதுவே. அறுவடைக் காலத்தில் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனால் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்வதைக் காணலாம். வளைவில் திடீரென அதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதித்துத் திருப்புகிறார். முன்புறம் அமுங்கிப் பின்புறம் எழும்புகிறது. நல்ல ஷாக் அப்சார்பர் அந்த எழும்பலை மெதுவாக்கும். தேய்ந்ததாக இருந்தால் பின்புறம் சட்டென்று உயர்ந்து, வெளிப்பக்கச் சக்கரம் மடங்கி, வண்டி சுழலலாம், கவிழவும் செய்யலாம். ஹெரால்டுக்குப் பின் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் ஸ்விங் ஆக்சிலைக் கைவிட்டு, வழக்கமான ஒரே அச்சைப் பொருத்தினார்கள்.

தேய்வை அறிதல்

டெல்டாவின் களிமண் தரை மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதனால் மதகுகளின் இருபுறமும் சாலை அமிழ்ந்து, மதகு மட்டும் மேடாக நிற்கும். தேய்வைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மதகைக் கடக்கும்போது வண்டி ஒருமுறை எழும்பி அமர்ந்துவிட வேண்டும். படகுபோல இரண்டு மூன்று முறை ஆடினால் ஐயம் கொள்ளலாம்.

நின்ற வண்டியில், ஒரு மூலையைக் கையால் இரண்டு மூன்று முறை அழுத்தி விடுவது பழைய சோதனை. முன்பக்கத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். பின்பக்கத்தில் ஏமாற்றும்: பழைய கமான் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று உரசுவதால் அந்த உராய்வே ஆட்டத்தை அடக்கிவிடும். செத்துப்போன ஷாக் அப்சார்பரும் அப்போது நல்லதுபோல் காட்டும். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்ப்பதே சரி.

உருளையில் தூசி ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் வடிந்து கீழே சொட்டினால் சீல் போய்விட்டது. டயரின் ஓரத்தில் விட்டுவிட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருப்பதும் ஓர் அடையாளம். 'டக் டக்' ஓசை பெரும்பாலும் ரப்பர் புஷ் வெடித்ததால் வருவது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதற்குப் பலர் ஷாக் அப்சார்பரைக் குறை சொல்கிறார்கள். அது தவறு, உயரத்தைத் தருவது ஸ்பிரிங் மட்டுமே.

கழற்றலும் பொருத்தலும்

பின்பக்கத்தில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்தக் காரில் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதற்கு எல்லைக்கட்டும் ஷாக் அப்சார்பர்தான். வண்டியின் சேசிஸை உறுதியான ஸ்டாண்டு மேல் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிய பின், சக்கரத்தைத் தாங்கும் நெட்டுத் துண்டின் அடியில் ஒரு ஜாக்கியை வைத்துச் சிறிது உயர்த்த வேண்டும். பாரம் நீங்கிய பிறகே கீழ் நட்டையும் மேல் போல்ட்டையும் கழற்றலாம். ஜாக்கி இல்லாமல் கழற்றினால் அச்சு சடாரென்று விழும். பிரேக் ஹோஸும் யூனிவர்சல் ஜாயிண்டும் இழுபடும், கை நசுங்கவும் கூடும்.

முன்பக்கத்தில் பானட் முழுவதும் முன்னோக்கித் திறப்பதால் வேலை எளிது. மேல் தட்டின் மூன்று நட்டுகளையும் கீழ் போல்ட்டையும் கழற்றினால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வெளியே வரும். நடுத் தண்டின் நட்டை மட்டும் வண்டியிலேயே கழற்றவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். அவிழ்ந்தால் ஆளை அடித்து வீழ்த்தும். ஸ்பிரிங் கம்ப்ரசர் உள்ள பட்டறையில்தான் அதைப் பிரிக்க வேண்டும்.

ஸ்பிட்ஃபயர் ஆர்வலர்கள் உலகெங்கும் இருப்பதால் இங்கிலாந்தில் புதிய உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. வேறு காரின் ஷாக் அப்சார்பரைப் பொருத்திக்கொள்ளும் வழக்கமும் நம் ஊரில் உண்டு. அப்படிச் செய்பவர்கள் சுருங்கிய நீளம், விரிந்த நீளம், கண் துளை ஆகிய மூன்றையும் பழையதோடு அளந்து ஒப்பிட வேண்டும். பின்பக்கத்துக்கு விரிந்த நீளம் கூடினால் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்கி, மேலே சொன்ன மடங்கல் இன்னும் மோசமாகும்.

புதியதைப் பொருத்தும் முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுதும் இழுத்து அழுத்தினால், படுக்கையில் கிடந்தபோது புகுந்த காற்று வெளியேறும். இழுக்கும்போது அழுத்துவதைவிடக் கடினமாக இருப்பது இயல்பே. எப்போதும் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

முன்சக்கரம் கழன்றிருக்கும்போதே கீழ் டிரன்னியனையும் பார்த்துவிடலாம். அதற்குக் கியர் எண்ணெய்தான் விடவேண்டும். பல பட்டறைகளில் பழக்கத்தால் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் இறுகி வழியை அடைத்துவிடும். உள்ளே திருகு துருப்பிடிக்கும். ஒருநாள் திருப்பத்தில் நெட்டுத் துண்டு முறிந்து சக்கரமே சாயும்.