உங்களுக்குத் தெரியுமா? தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

வேலை மும்முரத்தில் இருக்கும்போது திரை அணைந்து, கம்ப்யூட்டர் தானாக மறுபடி ஏறுகிறது. அரை மணி நேரத்தில் மீண்டும் அதே கதை. கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் முதலில் கேட்கும் சொல் ‘ஃபார்மட்’. அவசர ஃபார்மட்டில் குழந்தைகளின் படங்களையும் வீட்டுக் கணக்குகளையும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. நோய் என்னவென்று பார்ப்பதற்கு முன் அந்த மருந்து வேண்டாம்.

◆ பிழை வந்ததும் ரீஸ்டார்ட் ஆவது பழுது அல்ல. விண்டோஸில் உள்ள ஒரு செட்டிங். சமாளிக்க முடியாத பிழை வந்ததும் விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்தி, ப்ளூ ஸ்கிரீனில் (புதிய விண்டோஸ் 11-இல் இந்த நீலத்திரை கறுப்பாக வரும்) காரணத்தைக் காட்டி, நினைவகத்தில் இருந்ததை ஒரு கோப்பில் எழுதிவிட்டு, தானாக மறுபடி தொடங்கும். 2001-இல் வந்த எக்ஸ்பி காலத்திலிருந்து இதுதான் வழக்கம். காரணத்தைப் படிப்பதற்குள் திரை மறைந்துவிடுவதால், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் ரீஸ்டார்ட் மட்டும்தான்.

இதை நிறுத்திவைக்கலாம். ‘திஸ் பிசி’யில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அங்கே அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ பகுதியின் செட்டிங்ஸ். ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஸ்டாப் கோடுதான் உங்களுக்குத் தேவை. டிக்கை எடுத்த பிறகும் நீலத்திரையே வராமல் பொட்டென்று அணைந்து ஏறினால், சந்தேகம் விண்டோஸை விட்டு மின்சாரத்தின் மீதும் சூட்டின் மீதும் திரும்ப வேண்டும். தேடலில் பாதி இந்த ஒரு சோதனையிலேயே முடிந்துவிடும்.

◆ உங்கள் கம்ப்யூட்டர் நாட்குறிப்பு எழுதுகிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டிப் பாருங்கள். எந்த நாளில் எது விழுந்தது, அதற்கு முன் எந்த அப்டேட், எந்த மென்பொருள் ஏறியது என்பது தேதிவாரியாக, சிவப்புப் பெருக்கல் குறிகளோடு வரும். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகுதான் சிவப்பு தொடங்குகிறது என்றால், அந்தத் தேதியில் புதிதாக ஏறிய டிரைவரை முதலில் கழற்றுங்கள்.

◆ ‘கெர்னல் பவர் 41’. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் இந்த எண்ணைப் பார்த்ததும் ‘பவர்’ என்ற சொல்லை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றச் சொல்வோர் உண்டு. அந்தப் பதிவு சொல்வது இவ்வளவுதான்: போன தடவை கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படவில்லை. அதன் விவரத்தைத் திறந்து ‘பக்செக் கோடு’ என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை. மின்தடையாகவோ முழு ஹேங்காகவோ இருக்கலாம். வேறு எண் இருந்தால் தடயம் கிடைத்துவிட்டது. அதைப் பார்க்காமல் பணம் கொடுத்துப் புது எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள்.

◆ எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு ‘பவர் குட்’ என்று ஒரு தனிக் கம்பி போகிறது. மின்னழுத்தம் சரியாக இருக்கும்வரை அதில் 5 வோல்ட் இருக்கும். அது விழுந்தால் மதர்போர்டு அக்கணமே எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். 12 வோல்ட் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரைதான் அனுமதி. வயதான எஸ்எம்பிஎஸ் சும்மா இருக்கும்போது இதற்குள் நிற்கும். கேம் ஓடி கிராபிக்ஸ் கார்டு மின்சாரத்தை இழுக்கும்போது சரியும்.

◆ கரன்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது ஃபேனும் லைட்டும் ஓடுகின்றன, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். முழுச் சுமையில் ஓடும் எஸ்எம்பிஎஸ், கரன்ட் நின்றபின் ஏறத்தாழ 16, 17 மில்லிசெகண்ட்தான் தாங்கும். ஒரு சுற்றுக்கும் குறைவு! சாதாரண நிலையில் இருக்கும் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் எடுக்கும். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ் மோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அந்தப் பக்கம் தள்ளினால் போதும். மாறும் நேரம் குறைந்துவிடும். தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் இல்லாத தெரு அபூர்வம், அந்த சுவிட்சைத் தொட்டுப் பார்த்தவர்களும் அபூர்வம்.

தனி யுபிஎஸ் வைத்திருந்தால் அதன் பேட்டரி மீது ஒரு கண் வையுங்கள். சில ஆண்டுகளில் அது சக்தி இழந்துவிடும். பிறகு கரன்ட் ஒரு கணம் சிமிட்டினாலே கம்ப்யூட்டர் அணையும். யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, சுவரில் நேரடியாகச் செருகி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

◆ எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாகும்போது 320 வோல்ட்டைத் தாண்டுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம்.

◆ ஆன் செய்து பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு விழுகிறது. உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் விழுகிறது. இது சூட்டின் கையெழுத்து. பெரும்பாலான பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் எல்லை. அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, ஃபேனுக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கைப் பாருங்கள். ஃபேன் பளிச்சென்று சுற்றும். அடியில் கம்பளி போலத் தூசி அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். காற்று வேகத்தில் இறக்கை தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தே தீர வேண்டும். லேப்டாப் என்றால், மெத்தை மீது வைத்துப் படம் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

◆ 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகம் முழுக்க மதர்போர்டுகளுக்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. உள்ளே நிரப்பிய திரவத்தின் கலவை சரியில்லாத கெப்பாசிட்டர்கள் லட்சக்கணக்கில் வீங்கி வெடித்தன. இன்றும் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால், பிராசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலையைப் பாருங்கள். அதில் சிலுவை போல ஒரு கீறல் இருக்கும். அழுத்தம் கூடினால் அந்த வழியே வெளியேறட்டும் என்று தொழிற்சாலையிலேயே போட்டது. தலை தட்டையாக இருந்தால் நலம். மேடு தட்டியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ எத்தனை ஃபார்மட் செய்தாலும் பயனில்லை.

◆ ரேம் கோளாறுக்கு ஓர் அடையாளம்: ஸ்டாப் கோடு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, அதன் அடியில் உள்ள பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ‘க்ளிக்’ என்று இரு பக்கமும் பூட்டும்வரை செருகுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்தச் சின்ன வேலையே பல முறை போதுமானதாக இருக்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டி, பிறகு மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ இலவசமாக உள்ளேயே இருக்கிறது. ‘மெம்டெஸ்ட்86+’ இன்னும் கறாரானது. இரவு முழுக்க ஓட விடலாம். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள்.

கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம்களில் பிழை கண்டார்கள். சர்வர்களில் அதைத் திருத்த தனி வசதி உண்டு. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் கிடையாது.

◆ 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற கம்ப்யூட்டர் புழு பரவியது. இன்டர்நெட்டில் இணைந்த சிறிது நேரத்தில் ஒரு பெட்டி தோன்றி, 60 நொடியில் அணைக்கப் போகிறேன் என்று எண்ணத் தொடங்கும். அதைத் தடுக்கும் அப்டேட் ஒரு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

◆ விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்துவிடும். மில்லிசெகண்டுகளை எண்ணும் 32 பிட் கணக்கு அன்றோடு நிரம்பிவிடும், அதனால்தான்.

◆ 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. ஏறும், நீலத்திரை, மறுபடி ஏறும், மறுபடி நீலத்திரை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை நீக்குவது. அந்தத் தீர்வுக்கு ஃபார்மட் தேவைப்படவில்லை.

அதே வாசல் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. விண்டோஸ் 10, 11-இல் ஏறிக்கொண்டிருக்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் மெனு தானாக வரும். அதன் வழியே சேஃப் மோடில் நுழையலாம். சேஃப் மோடில் விழாமல் ஓடுகிறது என்றால் உடனடிச் சந்தேகம் டிரைவர் மீதும் புதிதாக ஏற்றிய மென்பொருள் மீதும்தான். அங்கேயும் விழுந்தால் மறுபடி ரேமையும் சூட்டையும் மின்சாரத்தையும் பாருங்கள்.

◆ புது இயந்திரம் தவறே செய்யாது என்று நினைக்க வேண்டாம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் கேட்டுத் தாமே தேய்ந்து போயின. 2024 ஆகஸ்டிலிருந்து அதற்கான திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. வாரன்ட்டியையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். அந்த வகை வைத்திருப்பவர்கள் பயாஸை இன்னும் புதுப்பிக்கவில்லை என்றால் உடனே செய்யுங்கள். ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது. அதற்கு வாரன்ட்டிதான் வழி.

◆ விண்டோஸ் 8-இலிருந்து ‘ஷட் டவுன்’ என்பது பெரும்பாலும் முழு ஷட் டவுன் அல்ல. அடுத்த முறை வேகமாக ஏற, உள்ளமைப்பின் ஒரு பகுதியை வட்டில் சேமித்துவைக்கும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டிரைவர் மாற்றிய பிறகு அதைக் கொடுங்கள்.

◆ கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன் இரண்டு வேலை. சேஃப் மோடிலாவது நுழைந்து படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். பிறகு பிட்லாக்கர் சாவி. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால் 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் செல்போன் வழியாக நுழைந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.