கறியுப்பும் அயோடினும்

ஹாலஜன்கள் என்று ரஸாயன நூலார் கூறும் மூலகங்களுள் புளோரின், குளோரின், புரோமின், அயோடின் என்னும் நான்கும் சகோதரர்கள் போன்றவை. உலோகங்களோடு கூடி உப்பைப் பிறப்பிப்பவை என்பதே அப்பெயரின் பொருள். நாம் நாள்தோறும் உண்ணும் கறியுப்பு, சோடியமும் குளோரினும் கூடி விளைந்தது. மூத்ததான புளோரின் பற்றியதை எளிதில் விடாது. இளையதான அயோடினின் பிடியோ தளர்ந்தது. குளோரின் வந்தால் தன் இடத்தை விட்டு வெளியேறிவிடும். இந்தத் தளர்ச்சி நம் வீட்டு உப்பு ஜாடியையும் பாதிக்கிறது என்பதைச் சொல்லவே இங்கே புகுந்தோம்.

1811-ஆம் ஆண்டில், நெப்போலியனின் போர்களுக்காக வெடியுப்புச் செய்துவந்த பெர்னார் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர், கடற்பாசிச் சாம்பலில் கந்தகாமிலத்தைச் சற்று அதிகமாக ஊற்றிவிட்டார். ஊதா நிற ஆவி கிளம்பிற்று. குளிர்ந்த இடத்தில் கரிய படிகங்களாகப் படிந்தது. அதுவே அயோடின்.

வயது வந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது சுமார் 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுக்கும் கணக்கிட்டால் மொத்தம் 4 கிராம் ஆகாது! அவ்வளவும் கிட்டாவிடில், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கிக் கழலையாகும். அதனினும் கொடிது, கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுவது.

கடலுப்பில் அயோடின் இராதா என்று சிலர் கேட்பர். கடல் நீரில் சிறிது உண்டு. உப்பு விளையும்போது அது படிகத்தில் சேராமல் பெரும்பாலும் எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நாமே சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஹிமாலயச் சாரலிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமி முதலியோர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினர். அப்பிரதேசத்தை மூன்றாகப் பகுத்து, இரண்டுக்கு அயோடின் சேர்ந்த உப்பையும் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் அளித்தனர். ஆறாண்டுகளில் முன்னிரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மற்றொன்றில் குறையவேயில்லை. ஒப்புநோக்குவதற்காக அம்மக்கள் அத்தனை நாள் காத்திருக்க நேர்ந்ததை எண்ணுங்கால் மனம் சிறிது உறுத்தத்தான் செய்கிறது. பின்னர் அவர்களுக்கும் நல்லுப்பு வழங்கப்பெற்றது.

எந்த வடிவில் சேர்ப்பது? பொட்டாசியம் அயோடைடில் ஈரமும் காற்றும் பட்டால், அயோடின் பிரிந்து ஆவியாய்ப் போய்விடும். பொட்டாசியம் அயோடேட்டில் அது பிராணவாயுவோடு பிணைந்திருப்பதால், நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் நிலைத்து நிற்கிறது. உடலுக்குள் அயோடைடாக மாறிப் பயன்படுகிறது. இந்தியாவில் சேர்ப்பது இதனையே.

கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினுக்குக் குறையலாகாது என்பது விதி. வீட்டுக்கு வந்தபின் காப்பது இல்லத்தார் பொறுப்பு. அழுக்குப் போகட்டும் என்று கல்லுப்பை அலசினால், மேலே படிந்துள்ள அயோடேட்டும் நீரோடு வடிந்துவிடும். அடுப்பருகே மூடாமல் வைத்து ஈரம் கோத்த ஜாடியிலும் அது நாளடைவில் குறைந்துகொண்டே போகும்.